சிவப்பு வட்டங்கள்

கோப்பைத் திறந்து முதல் நுண்ணோக்கிப் படத்தைப் பார்த்ததுமே ஆய்வக இயக்குநர் சிவப்புப் பேனாவை எடுத்தார்.

"ஏம்மா, இதுக்கா மூணு வருஷம்?"

எதிரே நின்ற ஆராய்ச்சியாளர் வாயைத் திறப்பதற்குள் அடுத்த கேள்வி வந்தது.

"குளத்துல இருக்கிற டயாட்டம்ங்கிற பாசி தன்னைச் சுத்திக் கண்ணாடி ஓடு கட்டிக்குது, அதே மாதிரி நானும் பெப்டைடுங்கிற புரதத் துணுக்கை வச்சு சிலிக்காவுல கட்டிக் காட்டுறேன்னு சொன்னது நீங்கதானே?"

"நான்தான் சார்."

"ஓரம் உடைஞ்சிருக்கு. ஒரு துளை பெருசு, ஒரு துளை சிறுசு. இந்த வரிசை பாதியிலயே கோணிக்கிட்டுப் போகுது."

குறைக்கு ஒன்றாகச் சிவப்பு வட்டம் விழுந்துகொண்டே வந்தது.

"அந்தப் பாசிக்கு மூளைகூடக் கிடையாது. அது எவ்வளவு லட்சணமா கட்டுது. நீங்க டாக்டர் பட்டம் வாங்கினவங்க."

"சார், படத்துக்குக் கீழ எழுதியிருக்கிறதை..."

"விளக்கமெல்லாம் வேண்டாம். எனக்குக் கண்ணு இருக்கு."

கோப்பின் அட்டையில் 'திட்டம் நிறுத்தப்படுகிறது' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டார்.

"நிஜ டயாட்டத்தை ஒரு தடவையாவது கண்ணால பாத்திருக்கீங்களா?"

"பாத்திருக்கேன் சார். ஒப்பிட்டுப் பாக்கறதுக்காக அதைத்தான் முதல் பக்கத்துல வச்சிருக்கேன். நான் செஞ்சது அடுத்த பக்கத்துல இருக்கு."

இயக்குநரின் கை பக்கத்தைத் திருப்பவில்லை.

"அந்த முதல் பக்கத்தை மட்டும் கொடுங்க சார்" என்றார் ஆராய்ச்சியாளர். "குளத்துல போட்டுடறேன். அந்தப் பாசி பாத்துத் திருத்திக்கட்டும்."