வேப்பமரத்து வெள்ளைக் கரிச்சான்

முட்டையிட இடம் தேடி அலைந்த புறாவிடம் எல்லாரும் ஒன்றைத்தான் சொன்னார்கள்: கரிச்சான் குடியிருக்கிற மரமாகப் பார், காக்கை அண்டாது.

வேப்பமரத்தில் ஒரு கரிச்சான் இருப்பதாகக் கேள்விப்பட்டுப் போனால், அங்கே சுண்ணாம்பில் முக்கி எடுத்தது போல ஒரு குருவி உட்கார்ந்திருந்தது.

"கரிச்சான் இல்லையா?"

"நான்தான்க்கா."

வால் என்னவோ கரிச்சானுடையது போல இரண்டாகப் பிரிந்துதான் இருந்தது. புறாவுக்குத்தான் மனசு ஒப்பவில்லை. "பேருலயே கரி இருக்கு. உங்கிட்ட ஒரு பொட்டுக்கூடக் காணோமே" என்று சொல்லிவிட்டு, எதிரே இருந்த புங்கமரத்தில் கூடு கட்டியது.

இட்ட முட்டைகள் இரண்டையும் காக்கை தின்று தீர்த்தது.

"அந்த வேப்பமரத்துக்குப் போயிருக்கக் கூடாதா நீ?" என்று புறா காக்கையிடம் அழுதது.

"அங்கதான் கரிச்சான் இருக்கே."

"அது வெள்ளையா இல்ல இருக்கு?"

"மண்டையில கொத்தும்போது நிறமா தெரியுது?" என்றது காக்கை.

மறுபடி முட்டையிடும் காலம் வந்தபோது புறா வேப்பமரத்துக்குப் போனது. அலகில் சுள்ளி இருந்தது நல்லதாகப் போயிற்று, பேச வேண்டியிருக்கவில்லை.

கரிச்சான் சற்று நகர்ந்து உட்கார்ந்தது.

"கீழ்க்கிளை இன்னும் காலியாத்தான் இருக்குக்கா."