கூடுதல் பட்டை

புனே அருகே சாகணில் வண்டி ஸ்பிரிங் செய்யும் கம்பெனியில் இன்ஜினியரான ஜெகதீசனுக்கு, தம்பி சபரி வாங்கிய பழைய ஜீப்பைப் பார்த்ததும் வயிறு எரிந்தது. காலேஜ் நாளிலிருந்தே அவர் ஆசைப்பட்ட வண்டி அது.

“உயரமா நிக்கணும்னு ஸ்பிரிங் அடுக்குல ரெண்டு இரும்புப் பட்டை கூடப் போட்டிருக்கேன். சரிதானேண்ணா?”

சரியில்லை. ஸ்பிரிங் விறைத்து, வளைய வழியில்லாமல், கரடுமுரடான பாதையில் மெயின் பட்டை ஒடிந்துவிடும். ஒடியட்டும் என்றது மனசு.

“பிரமாதம்டா” என்றார்.

ஞாயிறன்று சபரி, நிக்டியில் இருந்த அண்ணன் வீட்டுக்கே வந்து சாவியை நீட்டினான். “உங்களுக்காகத்தான் வாங்கினேன். நீங்களே பார்த்துச் சொன்னப்புறம்தான் நிம்மதி. காவ்யாவைக் கூட்டிட்டு மலைக்குப் போயிட்டு வாங்க.”

மகள் காவ்யா அதற்குள் முன்சீட்டில் ஏறிவிட்டாள்.

“இறங்கும்மா. அந்த ரெண்டு பட்டையையும் கழட்டணும்.”

“ஏண்ணா, பிரமாதம்னீங்களே?”

ஜெகதீசனால் தம்பியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.