வாய் திறக்காதவர்

பார்வையற்றோர் ஆடும் பேஸ்பாலில் பந்து 'பீப் பீப்' என்று கத்தும். ஆட்டக்காரர்கள் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் அடிப்பார்கள். ஓடி முடிக்கும்வரை பார்வையாளர்கள் மூச்சு காட்டக்கூடாது.

ஆட்டம் பார்க்க வரும் வாயாடி லொரெட்டாவுக்கு அது பெரிய தண்டனை. வாயை மூடிக்கொண்டு கண்ணால் ஊரை மேய்வாள். மேல்வரிசையில் ஒருவர், எம்மெட் என்ற இளைஞனின் அணி ஆடும் சனிக்கிழமை தவறாமல் வருவார். அவன் ரன் எடுத்ததும் எல்லோரும் பெயர் சொல்லிக் கூவுவார்கள். அவர் கை மட்டும் தட்டுவார்.

லொரெட்டா விசாரிக்காமல் விடுவாளா? எம்மெட்டின் அப்பாவாம், பெயர் வெர்னன். மேற்கொண்டு எதுவும் கிடைக்கவில்லை.

அன்று எம்மெட் ரன் எடுத்தான். ஆரவாரம் அடங்கியதும் லொரெட்டா பொறுக்கமாட்டாமல் கத்தினாள்.

"யோவ் வெர்னன்! பெத்த புள்ளைய ஒரு வார்த்தை பாராட்டுனா முத்தா உதிர்ந்துடும்?"

வெர்னன் பதறிப்போய் உதட்டில் விரலை வைத்தார்.

எம்மெட்டின் சிரிப்பு நின்றுவிட்டது.

"அவரா? குடிச்சிட்டு வண்டி ஓட்டி என் கண்ணப் பறிச்சவரு." அப்பா இருக்கும் திசை தெரியாமல் கூட்டத்தின் பக்கம் திரும்பிக் கத்தினான். "உங்க குரலே என் காதுல விழக்கூடாதுன்னு சொன்னேனே!"

வெர்னன் ஓசைப்படாமல் படியிறங்கிப் போனார்.

அடுத்த சனிக்கிழமை ஆட்டம் முடிந்ததும் எம்மெட் லொரெட்டாவைத் தேடி வந்தான்.

"ஆன்ட்டி, அவரு வந்தாரா?"

"இல்லப்பா. மூணு வருஷத்துல இன்னைக்குத்தான் வரல."

"மூணு வருஷமாவா? எங்க உக்காருவாரு?"

லொரெட்டா அவன் கையைப் பிடித்து மேல்வரிசைக்கு அழைத்துப்போனாள். வெறும் பலகையைத் தடவியபடி அவன் சொன்னான்:

"பேர் சொல்லிக் கத்துனவங்கள மட்டுந்தான் எனக்குத் தெரியும், ஆன்ட்டி."