கால் வச்ச எழுத்து

“அந்தக் கால் வச்ச இங்கிலீஷ் எழுத்துலதான் பேரு வரணும் அண்ணாச்சி” என்றான் தங்கப்பழம்.

சங்கரன்கோவிலில் அச்சகம் நடத்தும் ஞானதுரைக்குப் பெருமை பிடிபடவில்லை. நுனியெல்லாம் குட்டிப் பாதம் வைத்த அந்த ஈய எழுத்துகளைக் கல்யாணப் பத்திரிகைக்கு மட்டும்தான் அவர் வெளியே எடுப்பார்.

“பேரைச் சொல்லும்வே.”

“ஏசுவடியான், ஞானபூரணம். ரெண்டும் ஒரே வரியில, ஒரே அளவுல.”

ஆசை ஆசையாகக் கோத்து முடித்தார். “பேரே ஜோடிப் பொருத்தமா இருக்குவே! கார்டு ரோஸா, மஞ்சளா?”

“வெள்ளை. சுத்திக் கறுப்புக் கோடு.”

ஞானதுரை திடுக்கிட்டு நிமிர்ந்தார்.

“நேத்து அம்மா போயிட்டா அண்ணாச்சி. ரெண்டு பேரும் ஓடிப்போய்க் கட்டிக்கிட்டவங்க, அன்னைக்குப் பத்திரிகையே அடிக்கல. இதுலயாவது பேரு சேர்ந்து வரணும்னு அப்பா ஆசப்படுதாரு.”