டீக்கடைக்கு ஒரு போன்

1991இல் வல்லம் வடகாலிலிருந்து பஸ், ரயில், விமானம் என மூன்று நாள் பயணம் செய்து, கன்னியப்பன் தனியாக மஸ்கட் போய்ச் சேர்ந்தான். வேலைக்கு வந்தவர்கள் தங்கும் கேம்ப்பில் தமிழ் பேச ஆளில்லை. முதல் வெள்ளிக்கிழமை விடுமுறையில், மனைவி பாஞ்சாலியிடம் பேச, ஊரில் வீட்டுக்குப் பக்கத்து டீக்கடைக்குப் போன் போட்டான்.

"மாரிண்ணே, கன்னியப்பன் பேசறேன். பாஞ்சாலியக் கொஞ்சம் கூப்பிடுண்ணே."

"யோவ், இன்னா வெளாட்டா? கன்னியப்பன் இங்க டீ குடிச்சிகினு கீறான். இரு, அவன்கிட்டயே தரேன்."

பெஞ்சில் கிளாஸ் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு மறுமுனையில் அவனுடைய சொந்தக் குரலே பேசியது.

"சாப்டியா?"

ஊரை விட்டு வந்ததிலிருந்து யாரும் அவனிடம் அதைக் கேட்கவில்லை.

"இன்னும் இல்ல," என்றான்.

"போய் சாப்டு. வூட்ட நான் பாத்துக்கறேன்."