எனக்கு மட்டும் நீக்கு

“அண்ணே, அந்த போனை மட்டும் ஆன் பண்ணிடாதீங்க.”

கடைக்காரர் கண்ணில் மாட்டியிருந்த லென்ஸை நெற்றிக்கு ஏற்றிவிட்டு நிமிர்ந்தார். கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை தொங்க, ஓடி வந்த மூச்சு இன்னும் அடங்காமல் ஒரு பெண் நின்றிருந்தாள்.

“எந்த போன்மா? ஆன் பண்றதுக்குத்தானே எல்லாரும் இங்கே கொண்டு வந்து குடுக்கறாங்க?”

“காலையில ஒரு வயசான அம்மா குடுத்துட்டுப் போயிருப்பாங்க. திடீர்னு ஆஃப் ஆயிடுச்சுன்னு. அவங்க என் மாமியார். போன மாசம்கூட உங்ககிட்டதான் அவங்களுக்கு வாட்ச் வாங்கினேன். எவ்வளவு தூரம் நடக்கறாங்கன்னு காட்டுமே, அது.”

“ஓ, அந்த அம்மாவா? போன் உள்ளேதான் இருக்கு. என்ன விஷயம்?”

அவள் கடையைச் சுற்றிப் பார்த்தாள். கொக்கிகளில் இயர்போன்களும் கவர்களும் தொங்கினவே தவிர, வேறு ஆள் இல்லை.

“எங்க அக்காவுக்கு அனுப்ப வேண்டிய மெசேஜ் அண்ணே. பேரை அமுக்கற நேரம் பார்த்து ஆபீஸ் குரூப்ல என்னமோ வந்து, லிஸ்ட் ஒரு படி இறங்கிடுச்சு. அக்கா இருந்த இடத்துல அத்தை வந்து உட்கார்ந்துட்டாங்க. பேரைக்கூடப் பார்க்காம நான் பாட்டுக்கு அடிச்சுத் தள்ளிட்டேன்.”

“அத்தையைப் பத்தியா?”

“‘எதுக்கெடுத்தாலும் மூக்கை நுழைக்கறாங்க. ஒரு மாசம் மக வீட்டுக்குப் போய்த் தொலைஞ்சா நிம்மதியா மூச்சு விடுவேன்’னு.” அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. “நான் மடிச்சு வச்ச துணியை மறுபடி பிரிச்சு மடிக்கறாங்க அண்ணே. அந்தக் கோபம். அதுக்காக இப்படியா எழுதுவா ஒருத்தி? என் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தப்போ என்னைப் படுக்கச் சொல்லிட்டு விடிய விடிய உட்கார்ந்திருந்தவங்க அவங்க.”

“உடனே ‘எல்லோருக்கும் நீக்கு’ன்னு குடுத்திருக்கலாமே.”

“பதட்டத்துல ‘எனக்கு மட்டும் நீக்கு’ன்னு அமுக்கிட்டேன்.”

கடைக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். இந்தத் தப்பைச் செய்துவிட்டு இந்தக் கடைப்படி ஏறியவர்கள் ஒருவர் இருவர் அல்ல. நம் போனில் ஒழிந்தது சனி என்று இருக்கும். அடுத்தவர் போனில் அது ஜம்மென்று உட்கார்ந்திருக்கும்.

“எனக்குக் கையும் ஓடலை, காலும் ஓடலை. அப்போதான் எங்க வீட்டுக்காரர் கூப்பிட்டு, ‘அம்மா போன் கெட்டுப்போச்சாம், ரிப்பேருக்குக் குடுத்திருக்காங்களாம்’னார். லீவு சொல்லிட்டு ஓடி வரேன். அவங்க கண்ணுல படறதுக்குள்ள அதை எடுத்துடணும் அண்ணே. படிச்சாங்கன்னா சண்டையெல்லாம் போட மாட்டாங்க. பேசாம பெட்டியைக் கட்டிடுவாங்க. அப்புறம் நான் எந்த முகத்தை வச்சுக்கிட்டு அவங்க எதிர்ல நிப்பேன்?”

கடைக்காரர் சுவரைக் காட்டினார். ‘போன் உரியவரிடம் மட்டுமே தரப்படும்’ என்று கொட்டை எழுத்தில் ஒட்டியிருந்தது. அவள் அதைப் படித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

“சரி சரி, இந்த ஒரு தடவைதான்.”

போனை எடுத்து, சார்ஜர் செருகும் இடத்தைச் சின்னப் பிரஷ்ஷால் பேருக்குத் தட்டினார். “தூசி அடைச்சிருக்கு, வேற ஒண்ணுமில்லை.” பட்டனை அழுத்தியதும் திரை பளிச்சென்று எரிந்தது. அதை அவள் பக்கம் நகர்த்திவிட்டு, ஏதோ அவசர வேலை இருப்பவர் போல முதுகைத் திருப்பிக்கொண்டார்.

பூட்டைத் திறக்கும் கோடு அவளே மாமியாருக்குப் போட்டுக்கொடுத்ததுதான். அதை இழுத்தாள். அவள் பெயருக்குப் பக்கத்தில் பச்சை வட்டத்துக்குள் ‘1’ என்று இருந்தது. திறக்காத செய்தி.

“படிக்கலை அண்ணே. படிக்கவே இல்லை.”

அழித்தாள். நிஜமாகவே அழிந்துவிட்டதா என்று மூடித் திறந்து மறுபடி பார்த்தாள். பிறகு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்து, அப்பாடா என்று சிரித்தாள். சிரிப்போடு அழுகையும் சேர்ந்து வந்தது. வயிற்றில் பாலை வார்த்த மாதிரி இருந்தது அவளுக்கு.

மனசாட்சி சும்மா விடுமா? கடையிலேயே உசத்தியான கவரைத் தேடி எடுத்து மாமியாரின் போனுக்கு மாட்டச் சொன்னாள்.

“நான் வந்தேன்னு மட்டும் சொல்லிடாதீங்க. கவர் கடையோட அன்பளிப்புன்னு சொல்லிடுங்க.”

அவள் தெருமுனையில் திரும்பியதும், எதிரே இருந்த தையல் கடையிலிருந்து ஓர் அம்மாள் இறங்கி, சாலையைத் தாண்டி வந்தார்.

“போயிட்டாளா தம்பி? அழிச்சிட்டாளா?”

“அழிச்சாச்சும்மா. நல்லா இருக்கற போனைக் கெட்டுப்போச்சுன்னு நடிக்கறதுக்குள்ள எனக்குத்தான் வேர்த்துப்போச்சு.”

“அழுதாளா?”

“கொஞ்சம். கவர்கூட வாங்கி மாட்டிவிட்டுப் போயிருக்காங்க.”

“அசடு.” அவர் கவரைத் தடவிப் பார்த்தார். “நான் படிச்சேன்னு தெரிஞ்சா ஆயுசுக்கும் என் முகத்தைப் பார்க்கக் கூசுவா. அதான் என் பிள்ளைகிட்ட அப்படிச் சொல்லிவச்சேன். எனக்கும் பொண்ணு வீட்டுக்குப் போக ஆசைதான், இவ தனியா திண்டாடுவாளேன்னு வாயைத் திறக்காம இருந்தேன். இனிமே நிம்மதியா டிக்கெட் போடலாம்.”

“அதெல்லாம் சரிம்மா, நீங்க அந்த மெசேஜைத் திறக்கவே இல்லையே. அப்புறம் எப்படிப் படிச்சீங்க?”

அந்த அம்மாள் மருமகள் ஆசையாக வாங்கிக் கட்டிவிட்ட வாட்சை அவர் பக்கம் நீட்டினார்.

“போன்ல எது வந்தாலும் இதுல முழுசா ஓடுது தம்பி. பாவம், வாங்கிக் குடுத்தவளுக்கே அது தெரியலை.”