சேவல் இறகுப் பூச்சி

உறையைக் கவிழ்த்ததும் சாப்பாட்டு மேஜைமேல் அது விழுந்தது. கடிதம் இல்லை. ஒரு வரி இல்லை.

என் வீட்டுக்காரர் கேசவன் ஐந்து மாதத்துக்கு முன் தன் கையால் கட்டி அமெரிக்காவிலிருக்கும் பிள்ளைக்கு அனுப்பிய அதே தூண்டில் பூச்சி. வால் பிய்ந்து, இறகு பாதி கொட்டி, நூல் தொங்கிக்கொண்டிருந்தது.

"பிச்சுத் திருப்பி அனுப்பிட்டான், ராஜம்" என்றார். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெற்ற பிள்ளைமேல்தான்.

இவர்மேல் தப்பே இல்லை என்று சொல்ல மாட்டேன். நாலு வருஷத்துக்கு முன், தனக்குப் பிடித்த பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு பாலா போன் செய்தபோது, ஒரு வார்த்தை பேசாமல் ரிசீவரை வைத்தவர் இவர்தான். அன்றோடு அப்பாவும் பிள்ளையும் பேச்சை நிறுத்தினார்கள். இரண்டும் ஒரே வீம்பு.

ஆனால் முதலில் இறங்கி வந்தது இவரல்லவா?

போன வருஷம் எங்கள் பெண் சஹானா ஒரு போட்டோ காட்டினாள். மலை ஆற்றில் முழங்கால் தண்ணீரில் பாலா, கையில் தூண்டில். டிரவுட் என்று ஒரு மீனாம். இறகில் கட்டிய பொய்ப்பூச்சியைத் தண்ணீர்மேல் மிதக்கவிட்டால் வந்து கவ்வுமாம். இவர் அந்தப் போட்டோவைக் கீழே வைக்கவே இல்லை. மறுநாள் புதுப்பட்டினம் பிரௌசிங் சென்டரிலிருந்து, பூச்சி கட்டும் முறை அச்சடித்த ஒரு கட்டுக் காகிதத்தோடு வந்து நின்றார்.

சட்டைப் பொத்தான் தைக்கத் தெரியாத மனுஷன்! கல்பாக்கத்தில் முப்பது வருஷம் இன்ஜினீயராக இருந்து ரிடையரானவர். வீட்டில் ஃப்யூஸ் போனால் நான்தான் போடணும். முட்டைகூட நுழையாத எங்கள் வீட்டுக்குள் சேவலின் கழுத்து இறகு வந்தது. எதிர் வீட்டுக்கு மீன் கொண்டுவரும் பூவாயியிடம் கெஞ்சி வாங்கியது. கட்ட உட்காருவதற்கு முன் ஒரு குளியல், எழுந்தபின் ஒரு குளியல்.

கொக்கி அரிசிமணி அளவு. அதை வைஸ் என்கிற சின்ன இடுக்கியில் இறுக்கி, நூல் சுற்றி, இறகின் நுனியைப் பிடித்துச் சுற்றிக்கொண்டே வரணும். இழைகள் குடைபோல விரிந்து நிற்கணும். நின்றால்தான் மிதக்கும்.

ஆரம்பத்தில் நூலை அள்ளி அள்ளிச் சுற்றுவார். கொக்கியின் காது அடைத்துப்போகும். தூண்டில் நரம்பை எங்கே கோர்ப்பது? அறுத்துவிட்டு மறுபடி கட்டுவார். டம்ளர் தண்ணீரில் போட்டால் முழுகிப்போகும். அதையும் அறுப்பார். விரலெல்லாம் குத்துக்காயம். ஒருநாள்கூட அலுத்துக்கொள்ளவில்லை. முப்பத்திரண்டு வருஷத்தில் இந்த மனுஷனைப் பார்த்து நான் இப்படி வியந்ததில்லை. சொன்னால் தலை கனத்துவிடும் என்று சொல்லவில்லை.

நூறு கெட்டபின் ஒன்று மிதந்தது. சாயங்காலம்வரை மிதந்தது. சஹானாவிடம் விலாசம் வாங்கி, செங்கல்பட்டுப் பெரிய தபாலாபீஸுக்கே போய் அனுப்பிவிட்டு வந்தார்.

கடிதம் வைக்கவில்லை. எதை எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

அதற்குத்தான் இந்தப் பதில்.

வாசலில் பூவாயி கூடையோடு நின்றாள். "இன்னாமா, அய்யா மூஞ்சி ஏன் இப்டி கீது?"

சொன்னேன். வயிற்றெரிச்சலோடு அதை எடுத்துக்கொண்டுபோய்க் காட்டினேன். கூடையை இறக்கிவிட்டு உள்ளங்கையில் வாங்கி, வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"யாரு பிச்சாங்க? மீனு கடிச்சிகீது. தோ பாரு, பல்லு பட்ட எடம். ஒரு தபா இல்லம்மா, எத்தினியோ தபா."

மீனுக்குப் பல் உண்டு என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும்.

"அப்போ எதுக்குத் திருப்பி அனுப்பினான்?" இவர் வாசலுக்கே வந்துவிட்டார்.

"தூண்டி முள்ளு ஓஞ்சிபூட்டா எங்க வூட்டுக்காரரு டவுனுக்குப் போறவங்க கையில பழசத்தான் குடுத்து வுடுவாரு, இதே மாரி வாங்கியான்னு. உன் புள்ள இன்னும் வோணும்னு கேக்குது, அய்யா."

இவர் அந்தப் பூச்சியை அவள் கையிலிருந்து எடுத்தார். விறுவிறுவென்று ஹாலுக்குப் போய் ரிசீவரைத் தூக்கினார்.

"அங்கே இப்போ பாதி ராத்திரின்னா!" என்றபடி நான் டைரியைத் தேடி ஓடினேன். பாலாவின் நம்பரை இவருக்குத் தெரியாமல் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன்.

நான் எடுத்துக்கொண்டு வருவதற்குள், பதின்மூன்று எண்ணையும் எதையும் பார்க்காமல் அழுத்தி முடித்திருந்தார்.